சாவியை எடுத்த பிறகு

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் என்னிடம் கேட்டார்: நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் அப்படி இருந்திருப்பார்? "ரெண்டு நிமிஷம்" என்றேன். எழுதிக்கொண்டார். நெஞ்சு நின்ற பிறகு முதல் மூன்று நான்கு நிமிடம்தான் முக்கியம் என்று வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டே நடந்தார்.

முப்பத்தொரு வருடம் தமிழ் நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்தியவன் நான். எண்களை எப்போதும் இரண்டு முறை பார்ப்பேன். சொல் பிழையானால் படிப்பவர் சிரித்துவிட்டுப் போவார். எண் பிழையானால் யாராவது தவறான நாளில் கல்யாண வீட்டுக்குப் போய் நிற்பார்கள். அப்படிப்பட்டவன், என் வாழ்க்கையில் சொல்ல நேர்ந்த மிக முக்கியமான எண்ணைச் சரிபார்க்காமல் சொன்னேன்.

என் மனைவி மனோன்மணி எங்கள் வீட்டுக் கூடத்தில், என் மேசைக்கு எட்டடி தள்ளியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். தலை நிமிரவில்லை. எவ்வளவு நேரம் நிமிரவில்லை என்பதை அளந்த கருவி ஒன்று உண்டு. வாசலில் நிற்கும் அவளுடைய காருக்குள் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் சொல்லிவிடும்.

நான்கு மாதமாக நான் அழுத்தவில்லை. அழுத்துவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

2

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம் இது:

மனோன்மணி ஐம்பத்தாறு வயதில் வேகமான கார் ஒன்று வாங்கினாள்.

நல்ல வாக்கியம். அதனால்தான் அடித்துவிட்டேன். படிப்பவர் உடனே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சாகசக்காரியை நினைத்துக்கொள்வார். மனோ இருபத்துநான்கு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள். எங்கள் ஊர் புந்தோங்கிலிருந்து மூன்று பள்ளிகளுக்கு, மஞ்சள் வேனில், நாற்பதைத் தாண்டாமல். அவளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஹாரன் அடிப்பார்கள். கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, பிள்ளையை அதட்டுவது போல ஒரு விரலை ஆட்டுவாள்.

இரண்டாவது தொடக்கம்:

நீலக் காருக்கு வயது இருபத்திரண்டு. அதன் பழைய சொந்தக்காரன் அதற்கு இழைத்த கொடுமைகள்

இதை முடிக்கவில்லை. 'கொடுமைகள்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. சித்தியவானில் இருந்த அந்த மனிதனை நான் பார்த்ததுகூட இல்லை. அவன் அந்தக் காரை நேசித்தான். நேசித்ததால்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனான்.

மூன்றாவது:

அன்று உள்ளே வந்தபோது மனோ எதுவும் சொல்லவில்லை.

இதை அடிக்கவில்லை. சந்தேகமான இடத்தில் மெய்ப்பின் ஓரத்தில் போடுவோமே, அதுபோல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். ஏழாம் பகுதியில் அதற்கு வருவேன். தைரியம் இருந்தால்.

3

வேனுக்கு வயதாகி, உரிமம் முடிந்து, அதை விற்றாள். சமையலறையை இடித்துக் கட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்கக் கேட்கும் உறுமலோடு நீலக் காரில் வந்து இறங்கினாள். ஜப்பான் கார். டர்போ பூட்டியது. கம்பெனி பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

மறுநாள் மெங்லெம்புவில் ஆ ஹோங்கின் பட்டறைக்குப் போனோம். வேன் காலத்திலிருந்து அவன்தான் அவளுக்கு மெக்கானிக். சீனனான அவனோடு நாங்கள் மலாயில் பேசுவோம். இங்கே அவன் பேச்சை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன். அவனுடைய எரிச்சல் மட்டும் மாறாமல் வந்திருக்கிறது.

ஹோங் காரை மூன்று சுற்று சுற்றி வந்தான்.

"ஆன்ட்டி, இத வாங்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் போடல."

டயரில் பூ நன்றாக இருந்தது. இங்கே டயரின் வரிகளைப் பூ என்றுதான் சொல்வோம். ஆழமான, வாடாத பூ. பார்த்தவுடன் நான்கூட, டயருக்குச் செலவில்லை என்று ஆறுதலாகச் சொன்னேன். மனோ குனிந்து டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கத்தைப் படித்தாள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். விரல் விட்டு எண்ணினாள்.

"பதினோரு வயசு. அஞ்சாம் வகுப்பு படிக்குதுலா இந்த டயரு. இத நம்பி நான் மலைக்குப் போவணுமா?"

ஹோங் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் அவளிடம் வாக்குவாதம் செய்த மாதிரி எனக்கு நினைவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அது ஐந்தாம் பகுதியில்.

பழைய வேகக் கார் வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் இன்னும் வேகமாக்கச் சொல்வார்களாம். ஹோங்கின் வரிசை வேறு. முதலில் நிற்க வேண்டும், அப்புறம் சூடு தாங்க வேண்டும், ஓடுவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதனால் முதல் வாரம் டயர், பிரேக். இரண்டாம் வாரம் தண்ணீர்க் குழாய்கள், ரேடியேட்டர், ஓடுகிற எண்ணெய் அத்தனையும். மூன்றாம் வாரம் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட். அது அறுந்தால் எஞ்சின் அத்தோடு சரி. அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சித்தியவானுக்குப் போன் செய்து கேட்கலாமே என்றேன். ஹோங் தலையாட்டி மறுத்தான். அந்த ஆள் பொய் சொல்வான் என்பதற்காக இல்லை, அவனுக்கே தெரிந்திருக்காது என்றான். எது எப்போது மாற்றியது என்று தெரியவில்லையோ அதை இன்றைக்கு மாற்றிவிட வேண்டும். இன்றைய தேதியை ஒரு காகித டேப்பில் எழுதி பானட்டுக்குள் ஒட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் தெரியும்.

(எனக்கு அந்த முறை மிகவும் பிடித்தது. தெரியாததைத் துருவிக்கொண்டிருக்காமல் தூக்கிப்போட்டுவிட்டு, தெரிந்ததிலிருந்து புதிதாகத் தொடங்குவது. மனிதர்களுக்கு இது ஏன் முடியவில்லை என்று ஒரு பத்தி எழுதினேன். கட்டுரை மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

பிறகு கழற்றத் தொடங்கினாள்.

வாளி வாய் அகலத்துக்கு ஒரு புகைக்குழாய். கியர் மாற்றும்போதெல்லாம் யாரோ சலித்துக்கொள்வது போல உஸ்ஸென்று காற்றை விடும் ஒரு வால்வு. தரையோடு தரையாகக் காரை இறக்கியிருந்த ஸ்பிரிங்குகள். எங்கள் தாமான் தெருக்களின் வேகத்தடை மேடுகளில் ஏற, ஒவ்வொரு முறையும் நான் கீழே இறங்கி நிற்க வேண்டியிருந்தது. ஒல்லியான ஒருவனுக்காகச் செய்த பந்தய இருக்கை. அதில் உட்கார்ந்த மனோவை எழுப்ப ஹோங்கும் நானும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் இன்னும் ஆழமாக உள்ளே போனாள்.

எல்லாரும் வந்து மாட்டு என்பார்கள், நீங்கள் ஒருத்தர்தான் கழற்று என்கிறீர்கள் என்று ஹோங் சொன்னான். கழற்றினால் போதாது. அந்த இடத்தில் கம்பெனி போட்ட பழைய சாதாரண உருப்படி வேண்டுமே. அது பந்தய உருப்படியைவிட அரிதாகிவிட்டது, எல்லோரும் கழற்றி எறிந்துவிட்டதால்.

அதைத் தேடித்தான் ஹாஃப் கட் கொட்டகைகளுக்குப் போனோம். ஜப்பானில் ஓய்ந்த கார்களைப் பாதியாக வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டு வந்து குவித்திருப்பார்கள். மூன்று அடுக்காக. உடம்பில்லாத முகங்கள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம். தகரக் கூரையில் சொட்டும் சத்தம். அத்தனை விளக்குகளிலும் வெளிச்சம் பட்டு, எல்லாம் விழித்துக்கொண்டது போல இருந்தது. மனோ அவற்றுக்கு நடுவில் மெல்ல நடந்தாள். காலையில் வேன் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாளே, அப்படி.

இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. இன்னும் இரண்டு வரி எழுதினால் அந்தக் கொட்டகை அழகாகிவிடும்.

சாதாரணப் புகைக்குழாய் கிடைத்தது. ஸ்பிரிங்குகளும் இருக்கையும் கிடைத்தன. ஒவ்வொன்றாக மாட்ட மாட்ட, கார் அமைதியானது. ஒருநாள் காலை வாசலில் அதைக் கிளப்பினாள். பக்கத்து வீட்டு நாய் எழுந்திருக்கவில்லை.

"இப்பதான் இது என்ன சொல்லுதுன்னே எனக்குக் கேக்குது" என்றாள்.

5

ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். டர்போ டைமர்.

டர்போ என்பது எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன விசிறி. ஓடும்போது பழுக்கக் காய்ந்துவிடும். சட்டென்று எஞ்சினை நிறுத்தினால் அதற்குள் இருக்கும் எண்ணெய் கருகும். அதனால் வண்டியை நிறுத்தியதும் கொஞ்ச நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கருவி. நீங்கள் சாவியை உருவிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருக்கும், சொல்லி வைத்த நேரம் முடிந்ததும் தானாக நிற்கும். எத்தனை நேரம் என்பதை நாமே வைக்கலாம், அரை நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரை.

இது தேவையில்லை என்று ஹோங் சொன்னான்.

"கடைசி ரெண்டு கிலோமீட்டர் மெதுவா வந்தா டர்போ தானா ஆறிடும், ஆன்ட்டி. நீங்க எங்க போனாலும் மெதுவாத்தான் வந்து சேருவீங்க."

"இருக்கட்டும்."

"எதுக்கு? ஒயர கண்டபடி வெட்டி மாட்டியிருக்கான். கழட்டிடறேன்."

"எல்லாத்தையும் கழட்டிட்டா அந்த ஆளு பாவம்லா. அவன் போட்டது ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து, அக்கா, எஞ்சின அணைக்க மறந்துட்டீங்க என்பார்கள். அவள் சாவியைத் தூக்கிக் காட்டுவாள். அதில் அவளுக்கு ஒரு குழந்தைச் சந்தோஷம்.

பிறகு அது எங்கள் இருவருக்குமான விளையாட்டாகிவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஓர் அச்சகத்துக்காகப் பள்ளிப் பயிற்சி நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பத்தியில் யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுவேன். முப்பது வருடம் இதைப் பொறுத்துக்கொண்டவள் ஒரு விதி செய்தாள். கார் நின்றால்தான் அவள் வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு. அதுவரை அவள் இன்னும் வரவில்லை. நான் என் பத்தியை முடித்துக்கொள்ளலாம். உள்ளே வருவாள், சாவியைக் கிண்ணத்தில் போடுவாள், நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவாள். இருவரும் பேச மாட்டோம். வாசலில் எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அது நின்றதும் நான் நிமிர்வேன்.

"வந்துட்டேன்" என்பாள்.

அந்த விதி எங்களுக்குள் சண்டையைக் குறைத்தது. அதையும் எழுதிவிட வேண்டும், அதுவும் உண்மை.

6

இந்தப் பகுதியில் எதுவும் நடக்காது. வேண்டுமானால் தாண்டிவிடலாம்.

சனிக்கிழமை காலைகளில் சிம்பாங் பூலாய் வழியாக மலை ஏறுவோம். சுண்ணாம்புக் குன்றுகள் பனிக்குள் பாதி நிற்கும், பாதி இருக்காது. நான் எப்போதும் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஓட்டும் உரிமம் என்னிடம் உண்டு, ஆனால் ஓட்டி எத்தனையோ வருடம். மனோ வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காரை அதன் போக்கில் விட்டு, வெளியே வரும்போது மெல்ல அழுத்துவாள். முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். பயம் வராது. தூக்கம் வரும். பாதி மலையில் நான் தூங்கிவிடுவேன். தூக்கத்துக்குள் அந்த எஞ்சின் சத்தம் ஓர் ஆறாக, மழையாக, தறியாக மாறிக்கொண்டே இருக்கும். கண் விழிக்கும்போது மேலே இருப்போம், கண்ணாடியெல்லாம் வெள்ளையாக, உலகம் இன்னும் அச்சாகாத தாள் போல.

ஒரு தேநீர்க் கடையோரம் நிறுத்துவாள். கதவைப் பூட்டுவதற்கு முன்னால் முன்னிருக்கையைச் சாய்த்து, பின்னிருக்கையை எட்டிப் பார்ப்பாள். இரண்டு கதவு வண்டி. பின்னால் ஒரு பூனை உட்காரத்தான் இடம்.

"யாரு இருக்கா அங்க?"

"யாரும் இல்ல. யாராச்சும் தூங்கிட்டாங்களான்னு பாத்தேன்."

"நாம ரெண்டு பேருதான வந்தோம்."

"தெரியும்."

வேனில் ஒவ்வொரு முறையும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

சில நாள் மதியத் தூக்கத்தில் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறேன். அவள் ஓட்டுகிறாள். நான் தூங்குகிறேன். கனவிலும் தூங்குகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

7

திரும்பப் படித்துப் பார்த்தேன். மனோவை நான் நல்லவளாக்கிக்கொண்டே வருகிறேன். இறந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம். எழுதுகிறவன் கையில் மாட்டிக்கொண்டு மெல்ல மெல்லப் புனிதமாகிவிடுகிறார்கள். ஆகவே திருத்தம்: அவள் சீட்டு விளையாட்டில் ஏமாற்றுவாள். கோபம் வந்தால் தட்டை வைக்கும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். வயதுக்கேற்ற காரா இது என்று நான் நாலு பேருக்கு முன்னால் ஒருமுறை கேட்டதற்காக ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

என்னையும் திருத்த வேண்டும். மூன்றாவது தொடக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன்.

புதன்கிழமை, காலை பத்தரை மணி. அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். நான் மூன்றாம் வகுப்பு அறிவியல் பயிற்சி நூலில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தேன். கார் வாசலுக்குள் வந்தது. கதவு திறந்தது. சாவி கிண்ணத்தில் விழுந்தது. நாற்காலி நகர்ந்தது. பிறகு

அன்று உள்ளே வந்தபோது மனோ எதுவும்

சொன்னாள். "என்னாங்க" என்று சொன்னாள். எங்கள் விதிப்படி அவள் பேசியிருக்கக் கூடாது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலை நிமிராமல் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினேன். இரு, என்று.

அந்தப் பத்தியை முடித்தேன். அடுத்த பத்தியையும் முடித்தேன். எஞ்சின் நின்றது. நிமிர்ந்தேன்.

குரலில் வலி இருந்ததா என்று கேட்பீர்கள். நூறு விதமாக அந்தச் சொல்லைக் காதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது அது என் குரல் மாதிரி ஆகிவிட்டது.

படித்த பக்கத்தை வைத்து நேரத்தை அளக்கலாமே என்றும் கேட்பீர்கள். அளந்தேன். அதே இரண்டு பத்தி, கையில் கடிகாரம். முதல் முறை ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. அடுத்த நாள் மூன்றரை நிமிடம். இன்னொரு நாள் முடிக்கவே முடியவில்லை.*

* நீர் நூறு பாகையில் கொதிக்கும் என்று தொடங்கும் பத்தி. அதில் பிழை எதுவும் இல்லை.

8

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று. நான் காருக்குள் போய்ப் பொத்தானை அழுத்துகிறேன். முப்பது விநாடி. அரை நிமிடத்தில் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அவள் கூப்பிட்டதும் நான் நிமிர்ந்திருந்தாலும் இதே முடிவுதான். ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அழுகிறேன். காரை விற்றுவிடுகிறேன். படிப்பவர் மனசு லேசாகிறது. இதை யாரும் நம்ப மாட்டார்கள், நானே நம்பவில்லை.

இரண்டு. அழுத்துகிறேன். ஐந்து நிமிடம். டாக்டர் சொன்ன அந்த மூன்று நான்கு நிமிடம் முழுக்க நான் ஒரு குழந்தைப் புத்தகத்தில் காற்புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆகிறது. அதற்குப் பிறகு அந்த மனிதன் வீட்டுக்குள் வந்து, நாற்காலியைப் பார்த்து, மேசையில் உட்கார்ந்து, அவன்

இதை நான்கு தாளில் முயன்றேன்.

மூன்று. இதுதான் எனக்கு மிகவும் பயம். அந்த டைமரில் இன்னொரு முறை உண்டு என்று ஹோங் எப்போதோ சொல்லியிருக்கிறான். நேரத்தை நாம் வைக்காமல் அதனிடமே விட்டுவிடலாம். எஞ்சினை எவ்வளவு விரட்டினோம் என்று பார்த்து, அதற்கேற்ற நேரத்தை அதுவே கணக்கிடும். மெதுவாக வந்தால் சீக்கிரம் நிற்கும். விரட்டி வந்தால் நெடுநேரம் ஓடும். மனோ அப்படி விட்டிருந்து, அன்று அது நெடுநேரம் ஓடியிருந்தால், அவள் பாசாரிலிருந்து விரட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வாழ்நாள் முழுதும் நாற்பதில் ஓட்டியவள், மார்பில் ஏதோ செய்து, என்னிடம் வந்துவிட வேண்டும் என்று வேகமாக வந்திருக்கிறாள்.

வந்து கூப்பிட்டிருக்கிறாள்.

9

இதுவரை எழுதியது போன வாரம். இந்தப் பகுதியை இன்று மதியம் எழுதுகிறேன்.

காலையில் ஹோங் போன் செய்தான். எண்ணெய் மாற்றும் தேதி வந்துவிட்டது என்றான். ஆன்ட்டி இல்லாவிட்டாலும் தேதி தேதிதானே என்றும் சொன்னான். பத்து மணிக்கு அவனே வந்தான். சாவியைக் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காருக்குள் உட்கார்ந்து திருகினான். எந்தச் சத்தமும் இல்லை. விளக்குகூட எரியவில்லை.

"எத்தன நாளா கிளப்பல?"

"அன்னிலேருந்து."

"ஒரு வாட்டி கூடவா?"

"தொடவே இல்ல, ஹோங். அவ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்னு."

அவன் இறங்கி, பானட்டைத் திறந்து, பேட்டரியின் முனைகளைத் தொட்டுப் பார்த்தான். என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்கு வித்தியாசமாக இருந்தது.

"கார அப்படி வைக்க முடியாது, அங்கிள். பேட்டரி செத்தா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். கடிகாரம், ரேடியோ எல்லாம்."

"டைமரு?"

"அதுவும்தான்."

எதையும் கலைக்கக் கூடாது என்று நான்கு மாதம் காவல் இருந்தேன். அந்தக் காவலே அதை அழித்துவிட்டது. எப்போது அழிந்ததோ. நான் முதல் முடிவை எழுதிக்கொண்டிருந்தபோதே அழிந்திருக்கலாம். இல்லாத ஓர் எண்ணுக்கு மூன்று முடிவு எழுதியிருக்கிறேன்.

அவன் தன் வண்டியிலிருந்து புதுப் பேட்டரி எடுத்து வந்தான். அதை அவன் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, விரல், டாக்டர், இரண்டு நிமிடம். யாரிடமும் சொல்லாததை ஒரு பானட்டின் மேல் குனிந்துகொண்டு சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். நான் முடித்ததும் சொன்னான்:

"முப்பது செகண்டு."

"என்ன?"

"நாந்தான் வச்சேன். முப்பது செகண்டு."

வேகமாக வந்தது அந்தப் பதில். நிருபர்கள் சொல்லும் எண்களை முப்பத்தொரு வருடம் கேட்டவன் நான். பொய் எண் வேகமாக வரும். ஆனால் சத்தியமான எண்ணும் அப்படித்தான் வரும். இன்னொன்று: எந்த வேலையை எப்போது செய்தோம் என்று தன் நினைவை நம்பாமல் டேப்பில் எழுதி ஒட்டுகிறவன் இவன். டைமருக்கு எந்த டேப்பும் ஒட்டவில்லை.

"எப்ப வச்ச?"

"மொத நாளே."

"அப்புறம் அவ மாத்தியிருக்கலாம்ல?"

ஸ்பானர் நின்றது. இருக்காது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவன் முடிக்கவில்லை.

"மாத்தியிருக்கலாம்" என்றான். "ஆனா நான் வச்சது முப்பது."

அவன் எனக்காகப் பொய் சொன்னானா, பாதி சொல்லிவிட்டு மேலே முடியாமல் நிறுத்திக்கொண்டானா, அல்லது தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. நீங்களும் அங்கே நின்றிருந்தால் சொல்லியிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

ஹோங் உட்கார்ந்து சாவியைத் திருகியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. தூசி பறந்தது. பழைய எண்ணெய் சூடேறட்டும், அப்போதுதான் நன்றாக இறங்கும், இப்படியே ஒரு சுற்று போய்விட்டு வந்து மாற்றலாம் என்றான். நான் என் வழக்கமான பக்கம் ஏறி உட்கார்ந்தேன். டைமரில் பச்சை இலக்கங்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. சுழி, சுழி, சுழி. யாராவது ஒரு நேரத்தை வைக்கும்வரை இப்படித்தான் மினுங்கும் என்றான். கழற்றிவிடட்டுமா என்று அவன் கேட்கவில்லை.

"எவ்வளவு வைக்கட்டும், அங்கிள்?"

"எவ்வளவு இருந்தா சரியா இருக்கும்?"

அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், தொழில்காரன் யோசிப்பது போல.

"அது நீங்க எவ்வளவு வேகமா ஓட்டப் போறீங்கங்கிறதப் பொறுத்தது."

சொல்லிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு இறங்கினான். காரைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, நான் இறங்குவதற்காக நின்றான்.

இதற்குமேல் இந்தக் கதையில் என்னிடம் எண் எதுவும் இல்லை. இலக்கங்கள் இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள். யோசித்துச் சொன்னால் போதும், அவசரமில்லை. அதற்குள் நான் இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார்கிறேன். அவள் உயரத்துக்கு வைத்திருந்த இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும்.